ஸதகா வாளி

சந்தேகம் சிலருக்கு இடையிடையே வந்துபோகும் காய்ச்சல். ஸபியாவுக்கு அது கூடவே பிறந்தது. முட்டை வாங்கினால் ஒவ்வொன்றாகக் கடை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். கோழிப் பெட்டியில் ஹலால் முத்திரை இருந்தால் மட்டும் போதாது, அறுத்தவர் யார், எந்தப் பள்ளிவாசலில் தொழுகிறவர் என்றும் கேட்பாள். ஸ்காபரோவில், மார்க்கம் வீதியில், அவள் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்குச் சாமான் இறக்க வருகிறவர்கள், இவள் கண்ணில் படாமல் போய்விடலாமா என்று பின்கதவால் எட்டிப் பார்ப்பார்கள். இப்படிப்பட்டவளை அவளுடைய கொழுந்தன் ஜவ்ஃபர் ஓர் இலையுதிர்காலம் முழுக்க ஏமாற்றினான் என்றால், அதில் அவன் கெட்டித்தனம் பாதிதான். மீதியை அவளுடைய துக்கம் பார்த்துக்கொண்டது.

அவளுடைய கணவர் மஸூர் முந்திய ஒக்டோபரில் மௌத்தானார். கடை பூட்டும் நேரத்தில் யாராவது வந்து நின்றால், கழுவக் கவிழ்த்த சட்டியையும் நிமிர்த்தி அடுப்பில் வைக்கிற மனுஷன் அவர். அவர் பேரில் ஏதாவது செய்யவேண்டும் என்று ஸபியா நினைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெரிய சட்டி சமைத்து, பசித்தவர்களுக்கு ஸதகாவாகக் கொடுப்பது. பசித்த வயிற்றில் அந்தச் சோறு விழுந்தால் அதன் நன்மை கபுறில் கிடக்கிறவரைப் போய்ச் சேரும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் கிடையாது.

சமைப்பது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. பசித்த வயிறு கிடைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனாள். ஜும்ஆ முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கொஞ்சம் தூக்கல், ராத்தா" என்று சொல்லிப் பெரிய கார்களில் ஏறிப் போனார்கள். நகரத்துக்குள் இருந்த ஒரு தங்குமடத்தில், வெளியில் சமைத்த சாப்பாட்டை எடுக்கச் சட்டம் விடாது என்று ஒரு பெண் பணிவாகத் திருப்பி அனுப்பினாள். சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு காலம் இவர்களே இருந்த மாடிக் கட்டடத்தில், புதிதாக வந்த அகதிக் குடும்பம் ஒன்று வாங்கிக்கொண்டது. மூன்றாம் கிழமை அந்த வீட்டுக்காரி, தேங்காய்ப்பால் விடாமல் சமைக்க ஏலுமோ, அவருக்குக் கொலஸ்ட்ரோல் என்றாள்.

அன்றைக்கு மிஞ்சிய நெய்ச்சோற்றை ஸபியா கடைக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் தன் கையாலேயே கொட்டினாள். கொட்டிவிட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் புருஷனைத்தான் கொட்டிவிட்டதாக அவளுக்கு இருந்தது. அந்த நேரம் பார்த்து வந்து நின்ற ஜவ்ஃபர் அதைப் பார்த்துவிட்டான்.

ஜவ்ஃபர் மஸூரின் தம்பி. கதவு செய்கிற ஒரு ஃபக்டரியில் வேலை. கல்யாணம் கட்டாதவன், அண்ணன் வீட்டுச் சோற்றிலேயே நரைத்தவன். அடுத்த கிழமை அவன் மெதுவாக வந்து சொன்னான்.

"மதினி, ஒரு இடம் இருக்கு. வடக்க, பரி சவுண்ட் தாண்டி. என்னோட வேலை செய்யிற மரியோவுக்கு அங்க காணி இருக்கு. அந்தப் பக்கம் பசியோட திரியிற ஆக்கள் இருக்கினம். நான் சனிக்கிழமையில அவனோட போறனான். கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அவ்வளவுதான். அந்த ஓகஸ்ட் கடைசியிலிருந்து வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மூடி போட்ட வெள்ளை வாளிகள் ஜவ்ஃபரின் வானில் ஏறின. சனிக்கிழமை பொழுதுபட வெறுமையாகத் திரும்பி வந்தன. ஸபியா துஆக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். அவளுக்கு நிம்மதி இரண்டு மூன்று கிழமைக்கு மேல் தாங்கியது கிடையாது.

முதலில் அவளை உறுத்தியது வாளிகள். எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள் கறை ஒன்றும் இல்லாமல் பளிச்சென்று வந்தன. கழுவித்தான் இருந்தார்கள். ஆனால் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் சோப்பு மணக்கவில்லை. கருகிய தேனும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசம் வந்தது.

"எத்தினை பேர் வருகினம், தம்பி?" என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"கணக்கில்லை மதினி. சில நாள் ஒராள், சில நாள் ரெண்டு மூண்டு."

"என்ன பாஷை கதைக்கிறவை?"

"கதைக்கிறது குறைவு."

"வெக்கமோ?"

"ஓம். ஆள் நடமாட்டம் கண்டா கிட்ட வராயினம். நாங்கள் வச்சிட்டு விலகிடுவம்."

"குளிர் வருகுது. உங்கட நானாவின்ர கோட்டு, சுவெற்றர் எல்லாம் சும்மா கிடக்கு. குடுத்துவிடட்டோ?"

ஜவ்ஃபர் கையில் இருந்த தேநீரை ஆறும் வரை பார்த்தான். "உடுப்பு அவையிட்ட இருக்கு மதினி."

"அப்ப பனி கொட்டேக்கை எங்க இருப்பினம்?"

"படுத்திருப்பினம்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதை அவள் பிறகு நினைத்து நினைத்துப் பொருமினாள். அந்த நேரம் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இவன் எதையோ மென்று விழுங்குகிறான்.

அடுத்து வந்தன விண்ணப்பங்கள். இனிப்பைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்களாம். மிளகாயைக் குறைத்தால் நல்லதாம். சோறு, கறி, இனிப்பு வட்டிலப்பம் எல்லாவற்றையும் ஒரே வாளிக்குள் போட்டாலும் காரியமில்லையாம். ஒருநாள், கடையில் ரோல்ஸ் பொரித்து மிஞ்சிய பழைய எண்ணெய் இருந்தால் அதையும் தரச் சொன்னான்.

"பழைய எண்ணெய் ஆருக்கு, என்னத்துக்கு?"

"அது... குளிருக்கு நல்லது எண்டு மரியோ சொன்னவன்" என்று சொல்லிவிட்டு, குடிக்காத தேநீரை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான்.

ஸபியா போர்க்காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்டு, புத்தளத்து முகாமில் தட்டோடு வரிசையில் நின்றவள். பசியில் நிற்கிற மனுஷர் என்ன கேட்பார்கள், என்ன கேட்கமாட்டார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. இன்னும் ஒரு அகப்பை என்று கேட்பார்கள். பிள்ளைக்கு என்று சொல்லி இரண்டாம் தரம் வருவார்கள். இனிப்புக் காணாது என்று எந்தப் பசித்தவனும் சொல்லி அவள் கேட்டதில்லை. சோற்றையும் வட்டிலப்பத்தையும் குழைத்துத் தா என்று ஒரு மனுஷப் பிறவி கேட்குமா?

கேட்காது. அப்படியானால் கேட்பது மனுஷப் பிறவி இல்லை. இந்த இடத்துக்கு வந்ததும் அவள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். குழைத்த சோறு, பழைய எண்ணெய், எல்லாம் ஒரே வாளியில். வடக்கே காணி வைத்திருக்கிற ஒரு வெள்ளைக்காரன். பன்றிப் பண்ணை. மஸூர் பேரில் பிஸ்மில்லாஹ் சொல்லி உலையில் வைத்த சோறு கிழமைக்குக் கிழமை பன்றித் தொட்டிக்குப் போகிறது.

"உம்மா, நீங்கள் ஓவரா யோசிக்கிறீங்கள்" என்றாள் மகள் அஸ்ரா. மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், எதற்கும் அளவு பார்த்துப் பேசுகிறவள். "சாச்சா அப்படிச் செய்ய மாட்டார். ஹீ லவ்ஸ் வாப்பா."

"அன்பிருக்கிறவைதான் வடிவாப் பொய் சொல்லுவினம்" என்றாள் ஸபியா.

கேட்டால் சொல்லமாட்டான். கூடப் போய்ப் பார்க்கலாம் என்றால், கொழுந்தனோடு தனியாக வானில் அவ்வளவு தூரம் போக அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அஸ்ராவுக்கோ சனிக்கிழமை வேலை. ஆகவே வீட்டிலிருந்தே பிடிக்க ஒரு பொறி வைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை வட்டிலப்பத்துக்குப் போடும் சர்க்கரையைப் பாதியாக்கி, மீதி இடத்துக்கு உப்பைக் கொட்டினாள். முட்டையும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் வழக்கம்போல. அவிந்து வந்ததும் நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டோடு விளையாடிய பாவத்துக்கு அந்த இடத்திலேயே தௌபாக் கேட்டுக்கொண்டு, அதை ஒரு தட்டில் தனியாக மூடி வாளிக்கு மேல் வைத்து அனுப்பினாள்.

சனிக்கிழமை திரும்பி வந்த ஜவ்ஃபர், "எல்லாம் நல்லாச் சாப்பிட்டினம் மதினி. வட்டிலப்பத்தில ஒரு துளி மிச்சமில்லை" என்றான்.

ஸபியா தட்டை வாங்கிக் கழுவினாள். ஒன்று இவன் பொய் சொல்கிறான், இல்லையென்றால் அந்த உப்பைத் தின்றது மனுஷர் இல்லை.

மஸூரின் ஆண்டுக் கத்தம் வந்தது. வெள்ளி பின்னேரம் வீட்டில் யாஸீன் ஓதி, வந்தவர்களுக்கு பெரிய ஸஹன் தட்டுகளில் சோறு வைத்தார்கள். வாளிகளுக்கும் தனியாகச் சமைத்திருந்தாள்: நெய்ச்சோறு, ஆட்டிறைச்சிக் கறி, இந்தத் தரம் ஒழுங்கான வட்டிலப்பம். ஜவ்ஃபர் வாளிகளைத் தூக்கும்போது அவள் வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்.

"நாளைக்கு நானும் வாறன். அஸ்ரா லீவு எடுத்திருக்கிறாள், அவள் கார் ஓடுவாள். நானாவின்ர ஆண்டுச் சோத்தை என்ர கையால குடுக்கவேணும்."

ஜவ்ஃபரின் முகம் செத்துப்போனது. "ரோட்டு சரியில்லை மதினி. உங்களுக்குக் கால் நோ வேற."

"காலை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவன் விடிய முதலே புறப்பட்டுப் போய்விட்டான். இவர்களை விட்டுவிட்டுப் போனால் வழி தெரியாமல் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தான் போலும். அவனுடைய ஃபோனை வாங்கிச் செட் பண்ணிக் கொடுத்தது அஸ்ரா. அவன் எங்கே நிற்கிறான் என்பது அவளுடைய திரையில் நீலப் புள்ளியாக ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அந்தப் புள்ளிக்குப் பின்னாலேயே வடக்கே ஓடினார்கள். வழி முழுக்க மரங்கள் சிவந்து கிடந்தன. ஸபியா ஒன்றையும் பார்க்கவில்லை. ஜவ்ஃபரைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கிரவல் பாதை முடிகிற இடத்தில் ஒரு மரவீடு இருந்தது. முன்னால் ஜவ்ஃபரின் வான். கார் நின்றதும் ஸபியா இறங்கி, ஸலாம்கூடச் சொல்லாமல், காற்றை மோந்து பார்த்தாள். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். கொட்டில் இல்லை, வேலி இல்லை, பன்றி நாற்றம் இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவள் வாய்விட்டுச் சொன்னபோது, செம்மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால் ஜவ்ஃபர், தன் சப்பாத்தைப் பார்த்தபடி.

"நீங்கள்தானா அந்தச் சமையற்காரி?" மரியோ வாயெல்லாம் சிரிப்பாகக் கேட்டான். அவன் பேசிய ஆங்கிலம் ஸபியாவுக்கு விளங்கியது. விளங்காத இடத்தை அஸ்ரா சொன்னாள். "எத்தனை கிழமையாக உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று இவரிடம் கேட்கிறேன். நீங்கள் பிஸி என்று சொல்லிவிடுவார்."

"சாப்பிடுற ஆக்கள் எங்க?" என்று கேட்டாள் ஸபியா.

மரியோ ஜவ்ஃபரைப் பார்த்தான். "எந்த ஆக்கள்?"

 ஜவ்ஃபர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கரடி, மதினி."

மரியோவுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று சரியாக விளங்கவில்லை. அவன் சந்தோஷமாகத் தன் ஃபோனை எடுத்து நீட்டினான். காட்டுக்குள் மரத்தில் ஒரு கமரா கட்டி வைத்திருந்தான். நீலப் பீப்பாய் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கரடி, முகம் முழுக்க நெய்ச்சோறு. இந்தப் பக்கத்தில் மற்றவர்கள் கடைகளில் வாங்கிப் போடும் பழைய டோனட்டைவிட உங்கள் சாப்பாட்டுக்குத்தான் இது உயிரை விடுகிறது என்றான். கனடாவில் கேட்ட பாராட்டுகளில் இவ்வளவு மனசு திறந்த பாராட்டை அவள் கேட்டதில்லை. அதுவும் அவளை எரிச்சலாக்கியது.

"இதைப் பாருங்கள்" என்று இன்னொரு வீடியோவைத் தட்டினான். பீப்பாய்க்கு மேலே அவளுடைய தட்டு. அவளுடைய உப்பு வட்டிலப்பம். கரடி ஒரு வாய் எடுத்தது. தலையை உதறியது. தட்டை விட்டு விலகிப் போய்க் குந்திக்கொண்டு அதையே பார்த்தது. பிறகு எழும்பி வந்து, கடைசித் துளி வரை நக்கித் தின்றது.

"பனிக்கு முன்னால் இதுகளுக்கு அப்படி ஒரு பசி" என்றான் மரியோ. "எவ்வளவு தின்றாலும் காணாது. குளிர் முழுக்கத் தின்னாமல் கிடக்கவேண்டுமே."

ஸபியா அந்த வீடியோவைத் திரும்பவும் போடச் சொன்னாள். காரில் சொல்லிப் பார்த்து வந்த வார்த்தையெல்லாம் அவளுக்கு மறந்துபோனது. பசியில் நிற்கிறது சுவை பார்க்காது. பள்ளிவாசலிலும் தங்குமடத்திலும் நகரத்து மாடிகளிலும் தேடித் தேடிக் காணாத வாய் இந்தக் காட்டுக்குள் இருந்திருக்கிறது. தன் கையால் அதற்கு உப்பைப் போட்டோமே என்று கண் கலங்கியது. ஜவ்ஃபர் மேல் வைத்திருந்த கோபம்கூட இளகிப்போனது.

"உயிருள்ள எதுக்குக் குடுத்தாலும் நன்மைதான்" என்று அஸ்ராவிடம் சொன்னாள். "முட்டாள், முதலே சொல்லியிருக்கலாமே. அந்த இடத்தை எனக்குக் காட்டச் சொல்லு."

மரியோ அவர்களைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனான். கொஞ்ச தூரம்தான். பெரிய மேப்பிள் ஒன்றில் சங்கிலியால் கட்டிய நீலப் பீப்பாய். அதன் வயிற்றில் ஒரு ஓட்டை. காலையிலேயே வாளிகளை அதற்குள் கொட்டியிருந்தார்கள். அந்தக் காட்டு ஈரத்துக்கு நடுவே, கரடியை வரவழைக்க மரியோ கருக்கிய தேனோடு நெய்யும் ஏலக்காயும் மணத்தது. ஸபியாவுக்கு நெஞ்சு நிறைந்தது. பீப்பாய்க்கு முன்னால் நின்று இரண்டு கையையும் ஏந்தி மஸூருக்காகத் துஆக் கேட்டாள். ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே இருந்த மரத்தின் உயரத்தில் ஒரு பலகைத் தட்டும், அதில் ஒரு கதிரையும், அதற்கு ஏறுகிற ஏணியும் தெரிந்தன.

"அது என்ன?"

"அங்கே இருந்துதான் சுடுவது" என்றான் மரியோ.

அவன் ஒளிக்க நினைக்கவில்லை. ஒளிக்க அவனிடம் ஒன்றும் இல்லை. லைசன்ஸ் இருக்கிறது. இறைச்சியை வீணாக்குவதில்லை, அவன் தாய் செய்த மாதிரியே சொசேஜ் போடுகிறவன். கிழமைக்குக் கிழமை சாப்பாடு வைத்தால் கரடி பயமில்லாமல் வந்து பழகிவிடும். அமைதியாக நின்று தின்னும்போது ஒரே வெடியில் விழும், வேதனை தெரியாது. "ஓடுகிற மிருகத்தைக் காயப்படுத்துவதைவிட இது நல்லதல்லவா?" என்றான். இந்த ஆண் கரடிக்காக அவன் சீசன் முழுக்கப் பொறுத்திருந்தான். இன்றைக்குப் பின்னேரம் ஏறி இருக்கப் போகிறான்.

அஸ்ரா பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியும் பயனில்லை, ஸபியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உங்களுக்கு இது தெரியும்" என்றாள் ஜவ்ஃபரிடம்.

"சுடுறது அவன்ர வேலை மதினி. நான் சாப்பாடு மட்டுந்தான் கொண்டுவந்தனான்." அவன் பீப்பாய்ப் பக்கம் பார்த்தான். "நீங்கள் அண்டைக்குத் தொட்டியைப் பிடிச்சுக்கொண்டு அழுததை என்னால பாக்க ஏலாமப் போச்சு. ஆருக்கும் வேண்டாத சோறு, ஏதோ ஒரு வாய்க்குப் போகட்டும் எண்டு நினைச்சன். போய்ச் சேந்தது உண்மைதானே."

"சேந்தது. எதுக்குச் சேந்தது எண்டு பாத்தீங்களா?" அவள் சத்தம் போடவில்லை. "முகாமில எங்களுக்குச் சோறு போட்டவங்களை எல்லாம் நான் சந்தேகப்பட்டனான். எதுக்குப் போடுறாங்கள், பிறகு என்ன கேப்பாங்கள் எண்டு ஒவ்வொரு பிடிக்கும் பயந்தனான். இது ஒண்டையும் சந்தேகப்படேல்லை, தம்பி. உப்பைப் போட்டும் என்ர சோத்தை நம்பித் திண்டிருக்கு. அதைக் கொல்லுறதுக்கு மஸூர்ர பேரில சோறாக்கித் தந்தது நான்."

ஜவ்ஃபர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. 

மரியோ நல்லவன். அஸ்ரா விஷயத்தை விளக்கியதும் தொப்பியைக் கழற்றினான். "உங்கள் கணவரின் நாள் என்று எனக்குத் தெரியாது. சரி, நான் இதைச் சுடவில்லை" என்றான். சொல்லிவிட்டு ஒன்றையும் மறைக்காமல் தொடர்ந்தான். "ஆனால் பக்கத்துக் காணிக்காரனிடமும் பீப்பாய் இருக்கிறது. எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை. இது இனி மனுஷ வாசத்துக்கு ஓடாது. மனுஷ வாசம் என்றால் இதற்கு இப்போது சாப்பாடு. இங்கே இல்லாவிட்டால் அங்கே விழும்."

"அப்ப அதுக்குப் பயம் திரும்ப வரவேணும்" என்றாள் ஸபியா.

போகச் சொல்லி மூன்று பேரும் கெஞ்சினார்கள். அவள் பீப்பாய்க்குக் கொஞ்சம் தள்ளி ஒரு விழுந்த மரத்தில் இருந்துகொண்டாள். காலடியில் கைப்பிடி அளவு கற்களையும் ஒரு பெரிய கல்லையும் பொறுக்கிக் குவித்தாள். மரியோ துவக்கை எடுத்துவந்து பின்னால் நின்றான். அது அவள் மேல் பாய்ந்தால் சுடத்தான் வேண்டிவரும், அதற்கு அவனைக் குறைசொல்லக் கூடாது என்றான். அவள் தலையாட்டினாள். அவள் எறிகிற கல்லுக்குக் கோபித்துக்கொண்டாலும் அது சாகும், எறியாவிட்டாலும் சாகும். 

வெயில் சாயத் தொடங்கியபோது கரடி வந்தது. மரங்களுக்கு நடுவே சத்தமே இல்லாமல் வந்து, பீப்பாய்க்குப் போகாமல், நேராக அவள் பக்கம் நடந்தது. அவளுடைய உடுப்பில் நெய்யும் கறியும் மணத்திருக்கும். கிட்ட வந்து மூக்கை உயர்த்தி மோந்தது. பயம் அதற்கு மருந்துக்கும் இல்லை. முதுகு அகன்று, மயிர் மினுங்கி, நல்லாகக் கொழுத்திருந்தது. தன் கைச் சோற்றில் கொழுத்த உடம்பு அது என்று நினைத்தபோது, அந்த நேரத்திலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அது திரும்பிப்போய்ப் பீப்பாய்க்குள் தலையை விட்டது. ஸபியா பொறுத்தாள். ஆண்டுச் சோற்றில் நாலு வாயாவது போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி முதல் கல்லை எறிந்தாள்.

கல் அதன் தோளில் பட்டு விழுந்தது. கரடி தலையை வெளியே எடுத்து அவளைப் பார்த்தது. விழுந்த கல்லைத் தேடிப் போய், அது என்ன என்று மோந்து, ஒருதரம் நக்கியும் பார்த்தது. தின்னத் தந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டது. நக்கிப் பார்த்துவிட்டு, வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவளுடைய கையைப் பார்த்தது.

ஸபியாவுக்கு வாய்விட்டு அழுகை வந்தது. "போ" என்று கத்தினாள். "எங்களை நம்பாதை. ஆரையும் நம்பாதை, போ." அடுத்த கல்லைக் குறிபார்த்து மூக்கில் எறிந்தாள். அது வலியில் உறுமிக்கொண்டு இரண்டு காலில் எழும்பியது. பின்னால் மரியோவின் துவக்கு நிமிர்கிற சத்தம் கேட்டது. ஸபியா அதற்கும் துவக்குக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு மூன்றாவதையும் எறிந்தாள். கரடி திரும்பி ஓடியது.

மரங்கள் அடர்கிற இடத்தில் அது நின்றது. நின்று, ஏதோ பிழை நடந்துவிட்டது என்பது மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தது. இன்னும் பசிக்கிறது அதற்கு. கூப்பிட்டால் வந்துவிடும்.

"காணும் உம்மா" என்றாள் அஸ்ரா.

"காணாது" என்றாள் ஸபியா. குனிந்து, குவியலில் இருந்த பெரிய கல்லை இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணீரில் கரடி சரியாகத் தெரியவில்லை. பிஸ்மில்லாஹ் என்றாள். இது என்ர மஸூருக்காக என்று மனசில் நிய்யத் வைத்துக்கொண்டு, அதை எறிந்தாள்.